வெயில் தாங்குமா இந்த உடம்பு? ஆடு, மாடு, கோழி, நாய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்நடை மருத்துவனாக இருபத்தாறு ஆண்டுகள். அதில் பெரும்பகுதி காங்கயம், தாராபுரம் பக்கம். பங்குனி பிறந்தால் போதும், மருந்தகத் திண்ணையில் அதே கேள்விகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மாட்டைப் பிடித்துவந்தவர் கேட்பது ஒரு மாதிரி, அவர் கூடவே வந்த பள்ளிக்கூடப் பிள்ளை கேட்பது வேறு மாதிரி. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

வெயில் அடித்தால் மாட்டின் உடம்பும் சூடாகத்தான் செய்யும். அதில் அப்படி என்ன கெட்டுவிடுகிறது?

மாட்டின் உடல் வெப்பம் சுமார் 38.5 டிகிரி செல்சியஸ். வெள்ளாட்டுக்கு 39, கோழிக்கு 41 முதல் 42. வெளியே மார்கழியோ சித்திரையோ, இந்த எண் ஒரு டிகிரி இப்படி அப்படிப் போகலாம், அவ்வளவுதான். உடம்புக்குள் நடக்கும் வேதிவினைகள் எல்லாம் இந்த வெப்பத்துக்கென்று அமைந்த புரதங்களால் நடக்கின்றன. மூன்று நான்கு டிகிரி கூடினால் அந்தப் புரதங்கள் உருக்குலையத் தொடங்கும். முட்டை வெந்ததும் கெட்டியாவதும் புரதம் உருக்குலைவதுதான்.

பலரும் மறந்துவிடுகிற செய்தி ஒன்று உண்டு. வெயில் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. மாட்டின் பெருவயிறு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் அடுப்பு; அங்கே நுண்ணுயிர்கள் தீவனத்தை நொதிக்கவைக்கும்போது வெப்பம் பிறக்கிறது. பால் சுரக்கவும் வெப்பம் பிறக்கிறது. இந்த வெப்பம் வெளியேற நான்கு வழிகள்: கதிர்வீச்சாக, காற்றோடு, தொட்டுக்கொண்டிருக்கும் தரை வழியாக, நீர் ஆவியாவதன் மூலமாக. சுற்றியுள்ள காற்றும் தரையும் தோல் அளவுக்குச் சூடேறிவிட்டால் முதல் மூன்றும் அடைபட்டுவிடும். மிஞ்சுவது ஆவியாதல் ஒன்றே. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அந்த வெப்பத்தில் எட்டு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு கணக்கில்தான் நிற்கின்றன.

மாட்டுக்கு வியர்க்குமா? நான் பார்த்ததே இல்லையே?

வியர்க்கும். உழவு முடித்து வந்த காளையின் தோளுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், பிசுபிசுக்கும். நம் நெற்றியில்போல் துளியாக உருண்டு வழியாது. ரோமத்தின் அடியில் கசிந்து அங்கேயே உலர்ந்துவிடும். உண்மையில் அதுதான் சிக்கனமான வியர்வை. சொட்டாகக் கீழே விழுந்த வியர்வையால் உடம்பு குளிர்வதில்லை.

குதிரைக்கு நம்மைப்போலவே கொட்டும். அதன் வியர்வையில் ஒரு புரதம் இருப்பதால் சோப்புப்போல நுரைக்கும். பன்றிக்கு வியர்வை ஏறக்குறைய இல்லை. சேற்றைத் தேடுவது அதனால்தான்.

எருமை எப்போது பார்த்தாலும் தண்ணீரிலேயே கிடக்கிறது. சோம்பேறித்தனமா, தேவையா?

தேவை. கறுத்த தோல், அதன்மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக முடி, மாட்டோடு ஒப்பிட்டால் வியர்வைச் சுரப்பிகளும் குறைவு. வெயிலை வாங்கிக்கொள்ள எல்லா வசதியும் உண்டு, வெளியேற்றத்தான் வழியில்லை. ஆகவே வியர்வையை வெளியிலிருந்து கடன் வாங்குகிறது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், குட்டையில் இறங்கிய சிறிது நேரத்திலேயே எருமை தணிந்துவிடும். சேறு அதைவிட மேல். பூசிக்கொண்டு கரையேறினால் காயும் வரை குளிர்ச்சி, கூடவே ஈத் தொல்லையும் இல்லை.

எருமை மாட்டின் மேல் மழை பெய்தாற்போல என்று உறைக்காதவர்களைச் சொல்கிறோம். சித்திரை மாதத்தில் அதைச் சொல்லிப்பாருங்கள், எருமையே சிரிக்கும். குட்டை இல்லாத ஊரில் எருமை வளர்ப்பவர்கள் நாளுக்கு இரண்டு மூன்று முறையாவது தண்ணீர் ஊற்றியே ஆகவேண்டும்.

நாய் நாக்கைத் தொங்கப் போட்டு இரைப்பது களைப்பினாலா, தாகத்தாலா?

இரண்டும் இல்லை, அது நாயின் வியர்வை. நாய்க்கு நம்மைப்போன்ற வியர்வைச் சுரப்பிகள் பாதத்தின் அடியில்தான் இருக்கின்றன. வெயில் நாளில் சிமெண்டுத் தரையில் ஈரக் கால்தடம் பார்த்திருப்பீர்கள். அது போதாது என்பதால் மூக்கு, வாய், நாக்கு ஆகியவற்றின் ஈரத்தை மூச்சுக் காற்றால் உலர்த்துகிறது.

கவனித்தால் ஒன்று தெரியும். நாயின் மூச்சு படிப்படியாக வேகம் கூடுவதில்லை. நிமிடத்துக்கு முப்பது நாற்பது என்று இருந்தது, ஒரே தாவலாக முந்நூறுக்கு மேல் போய்விடும். நடுவில் நிற்பது அரிது. ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளினால் சிரமமில்லை, போக்கை மாற்றித் தள்ளினால்தான் கை வலிக்கும். நெஞ்சுக்கூட்டுக்கும் அப்படி ஓர் இயல்பான அதிர்வு இருக்கிறது. நாய் அந்த அதிர்வில் இரைப்பதால், இரைப்பதற்காகச் செலவாகும் உழைப்பால் மேலும் சூடேறிவிடாமல் தப்பிக்கிறது. பக் போன்ற சப்பை மூக்கு இனங்களில் காற்றுப் பாதையே குறுகலாக இருப்பதால் இந்தக் கணக்கு எடுபடாது. அவற்றை மாலை ஆறு மணிக்கு முன் நடக்கக் கூட்டிப்போகாதீர்கள்.

அப்படியானால் கோடைக்கு நாயின் முடியை ஒட்ட வெட்டிவிடலாமா?

அடர்ந்த இரட்டை முடி உள்ள நாய்களுக்கு வேண்டாம். உதிர்ந்து சிக்கிய முடியைச் சீவி எடுத்தால் போதும். முடி என்பது குளிருக்குப் போர்வை, வெயிலுக்குக் கூரை. ஆஸ்திரேலிய வெயிலில் நின்ற மெரினோ செம்மறியின் ரோம நுனியில் 85 டிகிரிக்கு மேல் சூடு இருந்தபோது, அடியில் தோல் 42 டிகிரி அளவில் இருந்ததை அளந்திருக்கிறார்கள். கூரையைப் பிரித்துவிட்டு வீட்டுக்குள் வெயில் வருகிறதே என்று வருந்துவதில் பொருளில்லை.

சிப்பிப்பாறை நாய் வேறு கதை. ஒல்லி உடம்பு, நீண்ட கால், ஒட்டிய முடி. அதில் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது?

செம்மறிகள் நடுப்பகலில் ஒன்றின் வயிற்றுக்கடியில் இன்னொன்று தலையை விட்டுக்கொண்டு நிற்கின்றன. நெருக்கி நின்றால் சூடு கூடத்தானே செய்யும்?

மரமில்லாத வெளியில் இருக்கும் ஒரே நிழல் பக்கத்து ஆட்டின் வயிறுதான். நெருக்கி நின்றால் ஒவ்வோர் ஆட்டின் மீதும் நேராக விழும் வெயில் குறைகிறது, காலடி மண்ணும் நிழலாகிறது. தலை தணிவாக இருக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு: மூக்குத் துளையில் புழு இடும் ஈ ஒன்று செம்மறிகளைத் துரத்தும், மூக்கை ஒளித்துவைப்பது அதற்கும் பாதுகாப்பு. பக்கத்தில் ஒரு வெள்வேல மரம் நின்றால் இந்தக் காட்சியைப் பார்க்க முடியாது, எல்லாம் மரத்தடிக்குப் போய்விடும்.

வெள்ளாடு மட்டும் உச்சி வெயிலிலும் எகிறி எகிறி மேய்கிறது. அதற்கு என்ன வரம்?

சிறிய உடம்பு என்பது முதல் வரம். உடம்பு சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு கூடும். வெப்பம் வெளியேற வாசல் அதிகம். அடுத்தது தண்ணீர்ச் சிக்கனம். சிறுநீரைக் கெட்டியாக்கும், புழுக்கையைக் காயவைத்துப் போடும். மாட்டுச் சாணத்தையும் ஆட்டுப் புழுக்கையையும் கையில் எடுத்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பெருவயிற்றில் இருக்கும் நீரையும் தேவைப்படும்போது உடம்புக்கு இழுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் மூளையின் அடியில் நூற்கற்றைபோலப் பல மெல்லிய குழல்களாகப் பிரிகிறது. மூக்கில் மூச்சுக் காற்றால் குளிர்ந்த ரத்தம் அதைச் சுற்றி ஓடி, மூளைக்குப் போகும் ரத்தத்தைத் தணிக்கிறது. செம்மறி, மாடு, மான் எல்லாவற்றுக்கும் இந்த அமைப்பு உண்டு. உடம்பு சூடாக இருந்தாலும் மூளைக்கு அது முழுவதும் தெரியாது. அதனால் இரைப்பதும் வியர்ப்பதும் தாமதமாகி, தண்ணீர் மிச்சமாகிறது.

வெயிலில் வந்த மாட்டின் மேல் உடனே தண்ணீர் ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என்கிறார்களே?

வராது. ஊற்றாமல் விட்டுச் செத்த மாடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஊற்றியதால் செத்த மாட்டைப் பார்த்ததில்லை. ஆனால் ஊற்றுகிற விதம் முக்கியம். முதுகில் முடி மேலாக நனையும்படி தெளித்தால் பயனில்லை, தோல் வரை நனையவேண்டும். நனைத்ததும் காற்று படவேண்டும், கொஞ்சம் உலரவேண்டும், மறுபடி நனைக்கவேண்டும். குளிர்ச்சி ஆவியாவதிலிருந்து வருகிறது என்று முதல் பதிலில் சொன்னது நினைவிருக்கட்டும். காற்றோட்டமில்லாத தகரக் கொட்டகைக்குள் மாட்டை நனைத்து வைப்பது வேகவைப்பதற்குச் சமம்.

சென்னையில் 36 டிகிரி, கரூரில் 40 டிகிரி. எங்கே மாட்டுக்குக் கஷ்டம் அதிகம்?

கரூர்க்காரர்களுக்குக் கோபம் வரலாம், ஆனால் பல நாட்களில் சென்னையில்தான். காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் வியர்வை எங்கே போய் ஆவியாகும்?

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் குறியீடு ஒன்று கால்நடைத் துறையில் புழங்குகிறது. கறவை மாடுகளுக்கு அந்த எண் 72ஐத் தாண்டினால் தொல்லை ஆரம்பம். 40 டிகிரியும் 25 சதவீத ஈரப்பதமும் இருந்தால் கணக்கு சுமார் 85 வருகிறது. 36 டிகிரியும் 65 சதவீதமும் என்றால் 89. இரவைப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவு. உள்நாட்டில் இரவு சற்றுத் தணியும்போது பகலில் சேர்ந்த வெப்பத்தை மாடு இறக்கிவைக்கும். கடற்கரையில் 28 டிகிரி, 80 சதவீதம் என்று இரவு கழிந்தால் அப்போதும் எண் 80க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அங்கே மாடு கடனை அடைக்காமலே மறுநாள் வெயிலுக்குள் போகிறது.

மாட்டுக்கு வெயில் மிஞ்சிவிட்டது என்று டாக்டர் வருவதற்கு முன் நானே எப்படித் தெரிந்துகொள்வது?

கடிகாரம் போதும். மாட்டின் விலாவைப் பார்த்தபடி அரை நிமிடம் மூச்சை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அறுபதைத் தாண்டினால் உடம்பு போராடத் தொடங்கிவிட்டது. எண்பதுக்கு மேல் போனால் உடனே நிழலும் தண்ணீரும். நூறைத் தாண்டி, வாயைத் திறந்து, நாக்கு வெளியே வந்து எச்சில் ஒழுகினால் எண்ணுவதை நிறுத்திவிட்டு நனைக்கத் தொடங்குங்கள். போன் பேசுவது அப்புறம்.

அந்த எச்சிலையும் சும்மா நினைக்காதீர்கள். பெருவயிற்றின் புளிப்பை ஆற்றும் காரம் எச்சிலில்தான் இருக்கிறது. அது தரையில் ஒழுகிவிட்டால் வயிறு புளித்து, வெயில் தணிந்த பிறகும் மாடு தீவனம் எடுக்காமல் நிற்கும்.

நேற்று முன்தினம்தான் வெயில் கொளுத்தியது. அன்றைக்குப் பால் குறையவில்லை, இன்றைக்குக் குறைகிறது. இது வெயிலால்தானா?

ஆம், ஓரிரண்டு நாள் தள்ளித்தான் தெரியும். அன்றைய பால் அதற்கு முந்திய தீவனத்தில் உருவானது. பலர் பால் குறைந்த அன்று என்ன நடந்தது என்று தேடி, மாற்றிய பிண்ணாக்கின் மீதோ திருஷ்டியின் மீதோ பழியைப் போட்டுவிடுகிறார்கள்.

தீவனம் எடுக்காததால்தான் பால் குறைகிறது என்றால், எப்படியாவது ஊட்டிவிட்டால் சரியாகிவிடுமா?

இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகள் நானும் தவறாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வெயிலில் நிற்கும் மாடு எவ்வளவு தின்கிறதோ அதே அளவு தீவனத்தை, நிழலில் குளிர்ச்சியாக நிற்கும் மாட்டுக்கும் குறைத்துக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டுமே பால் குறைந்தன; ஆனால் வெயில் மாட்டின் இழப்பு ஏறக்குறைய இரு மடங்கு. அதாவது பால் குறைவதில் சுமார் பாதிக்குத்தான் பசி காரணம். மீதிப் பாதி உடம்பு தன் செலவுகளை மாற்றி எழுதுவதால் வருவது. ரத்தம் குடலிலிருந்தும் மடியிலிருந்தும் தோலுக்குத் திருப்பிவிடப்படுகிறது. சர்க்கரைச் சத்து மடிக்குப் போகாமல் உடம்பின் மற்ற பாகங்களில் செலவாகிவிடுகிறது.

ஆகவே மதியத்தில் வற்புறுத்தி ஊட்டுவது அடுப்பில் இன்னும் விறகு வைப்பதுதான். விடிகாலையிலும் இரவிலும் போடுங்கள். பசும்புல் மாலையில், வைக்கோல் இரவில். தண்ணீர் மட்டும் எப்போதும் தொட்டியில், நிழலில் இருக்கவேண்டும். நன்றாகக் கறக்கும் மாட்டுக்குக் கோடையில் நூறு லிட்டர்கூடத் தேவைப்படும்.

கோடையில் கோழி முட்டையின் ஓடு ஏன் தொட்டால் உடைகிறது? சுண்ணாம்புச் சத்து குறைவா?

பெரும்பாலும் தீவனத்தில் சுண்ணாம்பு போதுமான அளவு இருக்கும். குறைவது காற்று, அதாவது கரியமில வாயு. இந்தப் பதிலை நாமக்கல் பக்கப் பண்ணைக்காரர் ஒருவரிடம் முதன்முதலில் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. நாயைப்போல வாயைத் திறந்து இரைக்கும், இறக்கையை விலக்கிக்கொண்டு நிற்கும். இரைக்க இரைக்க ரத்தத்திலுள்ள கரியமில வாயு வெளியே போய்விடும். முட்டை ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அதில் கால்சியம் தீவனத்திலிருந்து வருகிறது. கார்பனேட்டோ ரத்தத்தில் கரைந்திருக்கும் அந்தக் கரியமில வாயுவிலிருந்து. செங்கல் இருக்கிறது, சாந்து இல்லை. சுவர் மெலிகிறது. ரத்தமும் காரமாகிவிடுவதால் அதிலுள்ள கால்சியத்தைப் பயன்படுத்துவதும் கடினமாகிறது. குடிநீரில் சமையல் சோடா கலந்து கொடுப்பதன் பின்னணி இதுதான். உடம்பைக் குளிரவைத்ததற்கான விலையைக் கோழி முட்டை ஓட்டிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறது.

பண்ணைகளில் வெயில் ஏறுவதற்குச் சில மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்துவதும் முன்பு சொன்ன அடுப்புக் கணக்கே. தின்றது செரிக்கும்போது எழும் வெப்பம் உச்சி வெயிலோடு சேர்ந்துவிடக் கூடாது.

எங்கள் காங்கயம் மாடு தாங்குகிற வெயிலை ஜெர்சி தாங்குவதில்லை. கழுத்தடியில் தொங்கும் அலைதாடியும் திமிலும் இருப்பதாலா?

பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் சிவப்புச் சிந்தி இனக் காளைகளில் திமிலையும் அலைதாடியையும் அறுவை செய்து நீக்கிப் பார்த்த ஓர் ஆய்வு 1958இல் வந்தது. வெயில் தாங்கும் திறனில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ரகசியம் வேறு இடங்களில் இருக்கிறது: பெரிய, தோலின் மேற்பரப்புக்கு அருகில் அமைந்த வியர்வைச் சுரப்பிகள், குட்டையான, வழவழப்பான, ஒட்டிய ரோமம், சூட்டில் சேதமடைவதைத் தாக்குப்பிடிக்கும் செல்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அதைச் சொன்னால் மாட்டுக்காரர்கள் முகம் வாடும். நாட்டு மாடு உள்ளே எரிக்கும் அடுப்பே சிறியது. குறைவாகத் தின்கிறது, குறைவாகக் கறக்கிறது, குறைவாகச் சூடாகிறது. கொழுக்கட்டைப் புல்லை நம்பி, கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் நாள் முழுவதும் மேயும் மாட்டுக்கு அது பொருத்தமான உடம்பு. இருபது லிட்டர் கறக்கும் உடம்பும் சித்திரை வெயிலைச் சிரித்துக்கொண்டே தாங்கும் உடம்பும் ஒன்றாகக் கிடைப்பது கடினம்.

கன்று செவலையாகப் பிறந்து பிறகு வெளுக்கிறதே, அதுவும் வெயிலுக்காகவா?

காங்கயம் கன்று சிவப்பாகப் பிறந்து ஆறு மாத அளவில் சாம்பல் நிறத்துக்கு மாறும். எதற்காகச் சிவப்பாகப் பிறக்கவேண்டும் என்பதற்கு நான் கதை கட்ட விரும்பவில்லை. வளர்ந்த மாட்டின் நிறம் உதவுகிறது என்பது உண்மை. வெளிறிய ரோமம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. ரோமத்தை விலக்கிப் பார்த்தால் அடியில் தோல் கறுப்பாக இருக்கும், அது புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. வெள்ளைக் கூரை, கறுப்புச் சுவர்.

ஒட்டகம் திமிலில் தண்ணீர் சேர்த்துவைக்கிறது என்று படித்தேனே, சார்?

திமிலில் இருப்பது கொழுப்பு. கொழுப்பு எரியும்போது நீர் பிறக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதை எரிக்க மூச்சு வாங்கும்போது நுரையீரல் வழியாகப் போகும் ஈரம் வரவைத் தின்றுவிடும். காங்கயம் காளையின் திமில் இதிலும் சேராது, அது பெரும்பாலும் தசை.

ஒட்டகத்தின் உண்மையான வித்தை வேறு. நட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் அறிஞர் 1950களில் சகாரா பாலைவனத்தின் அல்ஜீரியப் பகுதிக்கே போய் ஒட்டகங்களை அளந்தார். தண்ணீர் இல்லாத ஒட்டகம் விடிகாலையில் 34 டிகிரியாகக் குளிர்ந்து, மாலையில் 40ஐத் தாண்ட விடுகிறது. முதல் பதிலில் நான் சொன்ன விதியை மீறுகிறதே என்பீர்கள். மீறித்தான் பிழைக்கிறது. பகல் வெப்பத்தை வியர்த்து விரட்டாமல் உடம்புக்குள்ளேயே வைத்திருந்து, இரவுக் குளிரில் இலவசமாக வெளியேற்றுகிறது. 500 கிலோ ஒட்டகம் இப்படி ஆறு டிகிரி ஏற விடுவதால் ஒரு நாளைக்கு மிச்சமாகும் தண்ணீர் சுமார் ஐந்து லிட்டர். எடையில் கால்வாசி அளவுக்கு நீர் வற்றினாலும் தாங்கும், பிறகு பத்து நிமிடத்தில் நூறு லிட்டர் குடிக்கும்.

புதிதாக வாங்கிய மாடு முதல் வாரம் மூச்சு வாங்கியது, இப்போது பரவாயில்லை. வெயில் பழகிவிட்டதா?

பழகிவிட்டது. இரண்டு மூன்று வாரங்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முன்னதாகவே தொடங்கும், தைராய்டு சுரப்பு குறைந்து உள் அடுப்பு தணியும், குளிர்கால முடி உதிரும். செல்களுக்குள்ளும் ஒரு வேலை நடக்கிறது. 1962இல் இத்தாலியின் ஃபெருச்சியோ ரிட்டோசா, பழ ஈக்களை வைத்திருந்த பெட்டியின் வெப்பம் தற்செயலாகக் கூடிவிட்டபோது அவற்றின் குரோமோசோம்களில் புதிய வீக்கங்களைக் கண்டார். சூடு பட்டதும் சில மரபணுக்கள் விழித்து, உருக்குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் காவல் புரதங்களைத் தயாரிக்கின்றன என்பது பின்னர் தெரிந்தது. ஈயிலிருந்து எருமை வரை எல்லாவற்றிலும் இந்தக் காவலர்கள் உண்டு.

கோடையின் முதல் கடும் வெயிலில்தான் சாவு அதிகம். அதே வெயில் மே கடைசியில் அவ்வளவு கொல்வதில்லை. பழக நேரம் கிடைத்ததா என்பதே வித்தியாசம்.

அப்படியானால் இங்கேயே பிறந்து வளர்ந்த எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்ற வெளிநாட்டு இனம்) கன்று நாட்டு மாடு மாதிரி ஆகிவிடுமா?

ஆகாது. முந்தைய பதிலில் சொன்னது ஓர் உடம்பு தன் ஆயுளில் பழகிக்கொள்வது. மழைக்காலம் வந்தால் அது கலைந்துவிடும், கன்றுக்கும் போகாது. தகவமைப்பு என்று பாடப்புத்தகம் சொல்வது பல நூறு தலைமுறைகளில் நடப்பது. தாங்காதவை ஈனாமல் போக, தாங்கியவற்றின் மரபணு நிலைக்கிறது.

சில சமயம் ஒரே மரபணுவும் பெரிய வேலை செய்யும். கரீபியன் பகுதியின் செனபோல் மாடுகளில் ஒரு மாற்றம் இருக்கிறது. அதைப் பெற்ற மாட்டுக்கு ரோமம் குட்டையாகி, வெயில் தாங்கும் திறன் கூடுகிறது. கலப்பின முறையில் அதை எச்.எஃப். மாடுகளுக்குள்ளும் கொண்டுபோயிருக்கிறார்கள்.

சினை மாட்டின் வயிற்றிலுள்ள கன்றுக்கும் வெயில் தெரியுமா?

தெரியும். கருவூட்டல் செய்த முதல் ஓரிரு நாட்கள்தான் மிக ஆபத்தானவை. அப்போது கரு தன் மரபணுக்களை இன்னும் முழுமையாக இயக்கத் தொடங்கியிருக்காது, அதனால் மேலே சொன்ன காவல் புரதங்களைப் போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது. கோடையில் சினை நிற்காததற்கும், பருவத்துக்கு வந்ததே தெரியாமல் ஊமைப் பருவமாகப் போவதற்கும் வெயில் பெரிய காரணம். சினை ஊசி போட்ட மாட்டை மூன்று நாளாவது நிழலில் கட்டுங்கள்.

கடைசி இரண்டு மாதங்களில் தாய் வெயிலில் வாடினால் கன்று எடை குறைவாகப் பிறக்கிறது. அது பெட்டைக் கன்றாக இருந்தால், வளர்ந்து கறக்கும்போதும் பால் சற்றுக் குறைகிறது. பால் வற்றிய மாடுதானே என்று வெளியே கட்டுகிறவர்கள் அடுத்த தலைமுறைப் பாலையும் வெயிலில் வைக்கிறார்கள்.

குளத்து மீன் தண்ணீருக்குள்தானே இருக்கிறது, அதற்கென்ன வெயில்? விடிகாலையில் ஏன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது?

சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் கரையும் என்றால், 35 டிகிரியில் 6.9தான். சூட்டில் மீனின் தேவையோ கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடுகிறது. இரவில் பாசியும் பிராணவாயுவை உறிஞ்சுவதால், விடியும் முன்புதான் கையிருப்பு ஆகக் குறைவு.

விரால் கவலைப்படாது, தலைக்குள் இருக்கும் தனி அறையால் காற்றையே சுவாசிக்கும். பனையேறிக் கெண்டையும் அப்படித்தான், ஈரம் இருந்தால் தரையிலும் நகர்ந்து அடுத்த குட்டைக்குப் போய்விடும். அது பனை ஏறுமா என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: தரங்கம்பாடியில் இருந்த டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனையில் ஏறிக்கொண்டிருந்த மீனைப் பிடித்ததாக எழுதியது லண்டன் லின்னேயன் கழக இதழில் 1797இல் வெளிவந்தது. பறவை தூக்கிப்போட்டிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். நம் ஊர் பெயர் மட்டும் சந்தேகப்படவில்லை.

வயல் காய்ந்ததும் காணாமல் போகும் நத்தையும் தவளையும் முதல் மழைக்கு எங்கிருந்து வருகின்றன?

காலடியிலிருந்து. நத்தை சேற்றுக்குள் புதைந்து, ஓட்டின் கதவை இறுக மூடி, உள் அடுப்பை அணையும் அளவுக்குத் தணித்துக்கொள்கிறது. சில தவளைகளும் மண்ணுக்குள் இறங்கி அப்படியே கிடக்கும். கோடை உறக்கம் என்று இதைச் சொல்வார்கள். வெயிலோடு போராடாமல் அதற்கு நாள் குறித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வழி.

முட்டை அடைகிடக்கும் வெப்பத்தால் குஞ்சு ஆணா பெண்ணா என்பதே மாறுமாமே, உண்மையா?

கோழியில் மாறாது. கடல் ஆமையிலும் முதலையிலும் மாறும். சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமையில், மணலின் வெப்பம் 29, 30 டிகிரி அளவுக்கு மேல் போகப்போகப் பெண் குஞ்சுகள் கூடும், குறைந்தால் ஆண். நம் சதுப்புநில முதலையில் கணக்கு வேறு: 28 முதல் 31 டிகிரி வரை பெண், 32.5 டிகிரியில் ஆண், அதற்கு மேலே போனால் மறுபடி பெண் தலைகாட்டும். இதைக் கண்டறிந்த ஆய்வில் மாமல்லபுரம் சாலையில் உள்ள முதலைப் பண்ணைக்குப் பங்கு உண்டு. குழிக்குள் அரை டிகிரி மாறினால் குடும்பமே மாறிவிடும் உயிர்கள் இவை.

இத்தனை வித்தை தெரிந்த உடம்புகள், வெயில் ஆண்டுக்காண்டு ஏறினாலும் எப்படியாவது பழகிக்கொள்ளாதா?

ஓர் எல்லை வரை. ஆஸ்திரேலியாவின் பழந்தின்னி வௌவால்களில் இந்த எல்லையை மிகத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். வெயில் ஏற ஏற அவை முதலில் சிறகால் விசிறிக்கொள்கின்றன. பிறகு நிழலுக்கு நகர்கின்றன. பிறகு வாயைத் திறந்து இரைக்கின்றன. கடைசியாக எச்சிலை உடம்பெங்கும் பூசிக்கொள்கின்றன. ஒவ்வொரு படியும் முந்தியதைவிட அதிகத் தண்ணீர் கேட்கும். 42 டிகிரியைத் தாண்டினால் அடுத்த படி இல்லை, கிளையிலிருந்து விழத் தொடங்குகின்றன. 2018 நவம்பரில் கெய்ன்ஸ் நகரப் பகுதியில் இரண்டே நாளில் ஓர் இனத்தைச் சேர்ந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை இறந்தன. அந்நாட்டிலிருந்த அந்த இனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

நம் ஊர் ஆலமரங்களில் தொங்கும் பழந்தின்னி வௌவால்களையும் சித்திரை மதியத்தில் அண்ணாந்து பாருங்கள். ஒரு சிறகை மட்டும் விரித்து மெதுவாக விசிறிக்கொண்டிருக்கும். அது முதல் படி.